முறிந்தால்தான் கொடுங்காயமா?

முகத்தில் அடிபட்டு வரும் எல்லோருக்கும் எக்ஸ்ரே தேவையில்லை என்கிறது மருத்துவம். முதலில் கையும் கண்ணும்தான் சோதிக்கின்றன: கண்குழி விளிம்பில் எலும்பு படிபோல் தட்டுப்படுகிறதா, பார்வை இரண்டாகத் தெரிகிறதா, கன்னம் மரத்திருக்கிறதா, மேல்பல்லும் கீழ்ப்பல்லும் பழையபடி பொருந்துகின்றனவா. கடைவாய்ப் பற்களுக்கிடையே தட்டையான மரக்குச்சியைக் கடிக்கச் சொல்லித் திருகுவார்கள். குச்சி முறியும்வரை விடாமல் கடிக்க முடிந்தால் தாடை முறிந்திருக்கும் வாய்ப்புக் குறைவு. ஐயம் எழுந்தால் எக்ஸ்ரே, இப்போது பெரும்பாலும் சிடி ஸ்கேன். மூக்குக்கு மட்டும் பொதுவாகப் படம் வேண்டாம். அதன் நடுச்சுவரில் இரத்தம் கட்டியிருக்கிறதா என்று உள்ளே பார்ப்பதே அவசரம். விட்டால் குருத்தெலும்பு செத்து மூக்கு அமுங்கிவிடும். எக்ஸ்ரேயில் அது தெரியாது.

இந்த அறிவோடு எனக்குப் பிணக்கில்லை. ஆனால் அடித்தவன் கணவன் என்றால், அதே மூக்கைச் சட்டமும் விசாரிக்கிறது.

1860இல் இயற்றப்பட்ட இந்திய தண்டனைச் சட்டம், 320ஆம் பிரிவில் கொடுங்காயத்தை எட்டு வகையாக எண்ணியது. ஏழாவது, எலும்போ பல்லோ முறிவது அல்லது இடம்பெயர்வது. உயிருள்ள உடலின் எலும்பைக் காண வழியில்லாத காலம் அது. ரோண்ட்கன் எக்ஸ்ரேயைக் கண்டறிந்தது 1895இல்தான். அவர் எடுத்த புகழ்பெற்ற படமும் மனைவியின் கைதான். சட்டம் கேட்ட முறிவுக்கு 35 ஆண்டு கழித்துச் சாட்சி கிடைத்தது. முறிவு இருந்தால் ஏழாண்டு வரை சிறை. இல்லையென்றால், வேறு பிரிவு சேராதவரை, சாதாரண காயம், ஓராண்டு வரைதான். நடுவர் உத்தரவின்றி அதைக் காவல்துறை விசாரிக்கவும் முடியாது. 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதா, எட்டாவது வகையில் கடும் வலிக்குச் சொன்ன 20 நாளை 15 ஆகக் குறைத்தது; முறிவு அப்படியே நிற்கிறது.

2005ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைச் சட்டம் எலும்பைக் கேட்பதில்லை. உடலுக்கு வலி தந்தாலே வன்முறை என்கிறது. அந்த வலிக்கும் ஒரு பதிவு வேண்டுமே?

தேவையற்ற கதிர்வீச்சைப் பெண்கள் மேல் பாய்ச்சச் சொல்லவில்லை நான். படம் வேண்டாம் என்று மருத்துவர் முடிவெடுக்கலாம். எழுத்து வேண்டாம் என்று முடிவெடுக்கக் கூடாது. உடன் வந்தவரை வெளியே நிற்கச் சொல்லிவிட்டு, யார் அடித்தது, எதனால் அடித்தது என்று அவளிடம் கேட்க வேண்டும். வீக்கத்தின் அளவு, நிறம், ஆடும் பல், மூக்கில் வழிந்த இரத்தம் எல்லாம் விபத்துப் பதிவேட்டில் ஏற வேண்டும். ‘கீழே விழுந்ததாகக் கூறுகிறார்’ என்ற ஒற்றை வரியோடு அவளை அந்த வீட்டுக்கே அனுப்பிவைக்கும் வழக்கத்துக்கு மருத்துவ நியாயம் எதுவும் கிடையாது.