குண்டு விழுந்த தூரம்

மே மாதம் வந்தால் நடுத்தரக் குடும்பங்களில் ஒரு கிலி பரவும். வெயிலை நினைத்து அல்ல. ‘லீவுக்கு எங்க போறோம்?’ என்கிற கேள்வியை நினைத்து.

ஊட்டி என்று வாய் தவறிச் சொல்லிவிட்டால் தீர்ந்தது. ரூம் வாடகை, வேன் வாடகை, வரிசையில் நின்று படகுச் சவாரி... திரும்பி வந்து கணக்குப் பார்த்தால் ஜூன் மாத ஸ்கூல் ஃபீஸில் ஓட்டை விழுந்திருக்கும்.

மேல்பட்டாம்பாக்கத்தில் என் தங்கை வீடு. பண்ருட்டிக்கும் நெல்லிக்குப்பத்துக்கும் நடுவே இருக்கிற சின்ன ஊர். போன வருஷ லீவில் போயிருந்தேன். “அண்ணா, ரெண்டு நாளைக்கு இந்த வாண்டுங்கள எங்கயாச்சும் கூட்டிட்டுப் போயேன், உனக்குப் புண்ணியமாப் போகும்” என்றாள். பையனுக்கு எட்டு வயது, பெண்ணுக்கு ஐந்து.

முதல் நாள் கடலூர். பஸ் நெல்லிக்குப்பத்தைத் தாண்டும்போது, “நீ சின்ன வயசுல தின்ன பாரீஸ் மிட்டாய் இந்த ஊர்லதாண்டி செஞ்சாங்க” என்று தங்கையிடம் சொன்னேன். 1914-ல் இங்கே தொடங்கிய மிட்டாய்க் கம்பெனி அது. 2004-ல் கொரியாவின் லாட்டே நிறுவனம் வாங்கிவிட்டது. பிள்ளைகளுக்குக் கொரியா முக்கியமில்லை. மிட்டாய் எங்கே என்பதுதான் கேள்வி. வாங்கிக் கொடுத்தாயிற்று.

தேவனாம்பட்டினம். வெள்ளிக் கடற்கரை. சுண்டல், பட்டம், கால் நனைத்தல் எல்லாம் முடிந்தது. பக்கத்தில்தான் கெடிலம் ஆறு கடலில் சேருகிறது. அங்கேதான் புனித டேவிட் கோட்டை இருந்தது. ‘இருந்தது’ என்றால் நிஜமாகவே இருந்தது. இப்போது பார்க்கப் பெரிதாக ஒன்றும் மிச்சமில்லை. அதனால் கதையைத்தான் காட்ட வேண்டியிருந்தது.

கதை இதுதான். 1690-ம் வருடம். செஞ்சியில் மராட்டிய அரசர் ராஜாராம். சிவாஜியின் மகன். எதிரே ஔரங்கசீப்பின் படை. போருக்குப் பணம் வேண்டும். கடலோரக் கோட்டை ஒன்றை விற்க முன்வந்தார். சென்னையில் கிழக்கிந்தியக் கம்பெனியின் கவர்னராக இருந்த எலிஹு யேல் வாங்கினார். அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்துக்குப் பெயர் கொடுத்த அதே ஆசாமி.

நாம் அரை கிரவுண்டு மனை வாங்கினாலும் சர்வேயரைக் கூட்டி வந்து, நாலு பக்கமும் கல் நட்டு, பத்திரத்தில் சதுர அடி வரை எழுதுவோம். இந்த வியாபாரத்தில் எல்லை எப்படித் தெரியுமா? கோட்டையிலிருந்து பீரங்கி சுட வேண்டும். குண்டு போய் விழுகிற தூரம் வரை எல்லாம் கம்பெனிக்குச் சொந்தம்!

பி.காம். படித்தவன் என்ற முறையில் சொல்கிறேன், இப்படி ஒரு கிரயப் பத்திரத்தை நான் கேள்விப்பட்டதே இல்லை. இங்கிலீஷ்காரன் விடுவானா? சென்னையிலிருந்து நல்ல பெரிய பீரங்கியாகப் பார்த்து வரவழைத்தான். ‘எவ்வளவு தூரம் போகுமோ அவ்வளவு தூரம் போகிற மாதிரி சுடு’ என்று பீரங்கிக்காரனுக்கு உத்தரவு. செப்டம்பர் மாதம், பல திசைகளில் சுட்டார்கள். அந்த வட்டத்துக்குள் சிக்கிய ஊர்களுக்குக் ‘குண்டு கிராமங்கள்’ என்றே பெயர் வந்தது.

சின்ன விஷயம் இல்லை. 1746-ல் பிரெஞ்சுக்காரர்கள் சென்னையைப் பிடித்தபோது, தப்பி ஓடிய 21 வயது ராபர்ட் கிளைவ் மாறுவேஷத்தில் வந்து சேர்ந்தது இந்தக் கோட்டைக்குத்தான். சில வருடங்கள் தென்னிந்தியாவில் கம்பெனியின் தலைமையகமே இதுதான். 1758-ல் பிரெஞ்சுத் தளபதி லாலி பிடித்து, இடித்துத் தள்ளினார்.

பையன் வாயைப் பிளந்து கேட்டான். பிறகு ஒரு கேள்வி கேட்டான்.

“குண்டு விழுந்த ஊர்ல இருந்தவங்க ஒண்ணும் சொல்லலையா மாமா?”

“அவங்கள யாரும் கேக்கல.”

மறுநாள் நெய்வேலி. பண்ருட்டியைத் தாண்டினால் சாலையோரம் பலாப்பழக் குவியல். முந்திரித் தோப்புகள். 2011 டிசம்பர் 30-ம் தேதி தானே புயல் இந்தப் பக்கத்து மரங்களை வேரோடு சாய்த்தது. பலாவும் முந்திரியும் ஒரு போகப் பயிர் அல்ல, மறு வருஷமே நட்டு மறு வருஷமே அறுக்க. குடும்பங்கள் மீண்டு வர வருஷக்கணக்கானது. சுளை தின்றுகொண்டே அதையும் சொன்னேன்.

நெய்வேலிக் கதை 1930-களில் தொடங்குகிறது. ஜம்புலிங்க முதலியார் என்ற நிலக்கிழார் தன் நிலத்தில் கிணறு போட, தண்ணீரோடு கறுப்பாக ஏதோ வந்தது. பழுப்பு நிலக்கரி! கோடிக்கணக்கான வருடங்களுக்கு முன் மண்ணுக்குள் போன காடு. 1956-ல் அரசு நிறுவனம், 1957-ல் சுரங்க வேலையை நேரு தொடங்கி வைத்தார், 1962-ல் ரஷ்ய உதவியோடு மின்சாரம். கரிக்குக் கீழே ஊற்று நீர் அழுத்தத்தோடு முட்டிக்கொண்டிருப்பதால், ராத்திரி பகலாக நீரை இறைத்தால்தான் சுரங்கம் நிலைக்கும்.

சுரங்கத்துக்குள் நினைத்தவுடன் நுழைந்துவிட முடியாது. அனுமதி வேண்டும். டவுன்ஷிப்பைச் சுற்றினோம். நேர்க்கோடு போட்ட சாலைகள், இரண்டு பக்கமும் மரங்கள், பூங்கா. பிள்ளைகள் ஊஞ்சலை விட்டு இறங்கவில்லை.

திரும்பும்போது பையன் ஆரம்பித்தான். “இங்க முன்னாடி என்ன இருந்துச்சு மாமா?”

“கிராமங்கள்.”

“அவங்களையாச்சும் கேட்டாங்களா?”

இதற்கு ஒரு வரியில் பதில் இல்லை. பீரங்கி வைத்துச் சுடவில்லை. சட்டம் இருந்தது, நோட்டீஸ் வந்தது, நஷ்டஈடு உண்டு. இந்தக் கரி இல்லாமல் தமிழ்நாட்டில் எத்தனையோ வீடுகளில் விளக்கு எரிந்திருக்காது. ஆனால் கொடுத்தது போதுமா, வீட்டுக்கு ஒரு வேலை எங்கே என்ற சண்டை இன்னும் ஓயவில்லை. 2023 ஜூலையில் வளையமாதேவியில் நெற்பயிர் நின்ற வயலில் இயந்திரம் இறக்கிக் கால்வாய் வெட்டியதை நாடே டி.வி.யில் பார்த்தது. எட்டு வயதுக்குப் புரிகிற மாதிரி சொன்னேன்: “கேட்டாங்க. ஆனா, ‘முடியாது’ன்னு சொல்ல வழி இருந்துச்சான்னு தெரியலடா.”

இரண்டு நாள் செலவு, பலாச்சுளை உட்பட, ஆயிரம் ரூபாயைத் தாண்டவில்லை. ஊட்டியில் ஒரு ராத்திரி ரூமுக்கே காணாது. உங்கள் ஊரைச் சுற்றியும் முப்பது கிலோமீட்டருக்குள் இப்படி ஏதாவது இருக்கும். கோட்டை இல்லாவிட்டால் ஒரு ஏரி, ஏரி இல்லாவிட்டால் அது இருந்த இடம். கூட்டிப் போய் கதை சொல்லுங்கள். அவர்கள் கேட்கிற கேள்விக்கு நம்மிடம் பதில் இருக்காது. பரவாயில்லை.

அன்று சாயங்காலம் மொட்டை மாடியில் ஒரே சத்தம். பையன் டென்னிஸ் பந்தை ஓங்கி எறிந்துவிட்டு, “அது விழுந்த எடம் வரைக்கும் என்னோடது!” என்று கத்தினான்.

ஐந்து வயதுத் தங்கை இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றாள்.

“என்னைக் கேட்டியா?”