பெருந்திணையும் சிங்கைத் திரையும்

தமிழ்த் திரைப்படக் காதலர்கள் கடல் கடந்து சிங்கைக்கு வந்து சென்ற காலம் ஒன்றுண்டு. எஸ். பி. முத்துராமனின் 'ப்ரியா' 1978ஆம் ஆண்டிலும், கே. பாலசந்தரின் 'நினைத்தாலே இனிக்கும்' 1979ஆம் ஆண்டிலும் வெளிவந்தன. இரண்டிற்கும் கதை தந்தவர் சுஜாதா. இரண்டிலும் நம் நகரம் அழகியதொரு பின்புலம்; வந்தவர்கள் காதலித்தனர், பாடினர், திரும்பினர். இங்கேயே குடியிருக்கும் தமிழனின் நெஞ்சில் எழும் வேட்கை யாதென அப்படங்கள் வினவவில்லை. நம் வீதிகளைத் திரையிற் கண்ட மகிழ்ச்சியில் நாமும் வினவவில்லை.

எரிக் கூவின் 'மை மேஜிக்' 2008இல் தமிழ் பேசிக் கான் திரைப்பட விழாவின் போட்டிப் பிரிவை எட்டியது. எனினும் அது தந்தைக்கும் மகனுக்கும் இடைப்பட்ட பாசத்தைச் சொல்வது. 2016இல் அவ்விழாவின் விமர்சகர் வாரத்தில் இடம்பெற்ற 'எ யெல்லோ பேர்ட்', சிங்கைத் தமிழன் ஒருவனின் சிக்குண்ட உறவுகளையே பொருளாகக் கொண்டது. சிங்கப்பூரரான கே. ராஜகோபால் இயக்கிய முதல் முழுநீளப் படம் அது.

சிறையினின்று மீண்ட சிவாவைத் தாய் மன்னிக்கவில்லை. பிரிந்துபோன மனைவியையும் மகளையும் தேடி அலைகின்றான். அத்தேடலின் இடையே, சட்டத்திற்குப் புறம்பாகத் தங்கி உடலை விற்றுப் பிழைக்கும் சென் சென் என்னும் சீனப் பெண்ணோடு நெருங்குகின்றான். மனைவியை நாடும் நெஞ்சமும் இவளிடம் ஒதுங்கும் உடலும் ஒருவனுடையவையே. எது காதல், எது தனிமை என இயக்குநர் வரையறுத்துக் காட்டுவதில்லை. படத்தின் வலிமை அங்கேதான் உள்ளது என்பேன்.

இதனை எத்திணையில் வைப்பது? தொல்காப்பியர் அன்பின் ஐந்திணைக்கு ஒருபுறம் கைக்கிளையையும் மறுபுறம் பெருந்திணையையும் நிறுத்தினார். பிறர்க்கு ஏவல் செய்யும் அடியோரையும் வினைவலரையும் அவ்விரு புறத்திணைகளில் தலைமக்களாக்கிப் பாடுதற்குத் தடையில்லை என்றார். ஞாயிறு மாலையில் தேக்காவில் திரளும் தொழிலாளரைக் காணும்போதெல்லாம் எனக்கு 'வினைவலர்' என்னும் சொல்லே முன்வந்து நிற்கும். உழைப்பாளியின் வேட்கைக்கு இலக்கணம் ஒதுக்கியது ஐந்திணைக்கு வெளியேயுள்ள இடம். ஆயினும் இடமே இல்லையெனக் கதவடைக்கவில்லை. மருதக்கலியில் அரண்மனை ஏவலராகிய கூனியும் குறளனும் ஒருவரையொருவர் எள்ளி நகையாடித் தொடங்குகின்றனர்; பிறர் நகைக்காத இடம் நாடித் தழுவிக்கொள்ளச் செல்வதில் அப்பாட்டு முடிகின்றது. வகுப்பில் நாம் குறிஞ்சியிலும் முல்லையிலும் நெடிது தங்கி, இப்பகுதியை ஓரிரு தொடர்களிற் கடந்துவிடுகின்றோம். மாணவரோ, தம் அடுக்குமாடி வீடுகளைச் சுற்றிக் காண்பது பெரும்பாலும் இப்பகுதியைத்தான்.

கலித்தொகையின் கூனிக்கும் குறளனுக்கும் ஒரு பேறு இருந்தது. இருவரும் பேசியது தமிழ். சிவாவுக்கும் சென் சென்னுக்கும் பொதுவான தாய்மொழி இல்லை. ஒருவர் சொல்லை மற்றவரிடம் கொண்டு சேர்க்கும் தோழியும் அவர்கள் கதையில் இல்லை.