ஆனைக்கொய்யாப் பால் பிறந்த கதை

கொழும்பிலிருந்து கண்டிக்கு வரும் வீதியில், கடுகண்ணாவை ஏற்றம் முடிகிற இடத்திலிருந்து பிலிமத்தலாவை வரைக்கும், காய்க்கும் காலத்தில் தட்டுக்கடைகளில் ஆனைக்கொய்யா குவிந்து கிடக்கும். விலை பேசுவதற்கு முன்னால் கடைக்காரர் ஒன்று கேட்பார்: "இன்னைக்கே சாப்பிடவா, ரெண்டு நாள் வச்சுச் சாப்பிடவா?" நாம் சொல்வதற்கு ஏற்ப ஒவ்வொரு பழமாகக் காதருகே குலுக்கிப் பார்த்துப் பொறுக்கித் தருவார். உள்ளே கொட்டை ஆடினால் இன்றைக்கு. ஆடாவிட்டால் அரிசிப் பானைக்குள் புதைத்து வைக்க வேண்டியதுதான். வீட்டுக்குப் போன பழத்துக்குப் பல வீடுகளில் ஒரே வழிதான்: சதையைக் கரண்டியால் வழித்து, டின்பால் விட்டு மசித்து, கொஞ்சம் பால் சேர்த்து, ஐஸ் போட்டுக் குடிப்பது.

பிலிப்பைன்சிலும் இதே பானம்தான். மணிலாவிலும் தாவாவோவிலும் பழத்தை மசித்து, டின்பாலும் சீனியும் நொறுக்கிய ஐசும் சேர்த்து உயரமான கிளாசில் தருவார்கள். அது தங்கள் வீட்டுப் பானம், தங்கள் பிள்ளைக்காலத்துப் பானம் என்று அந்த மக்கள் சொல்கிறார்கள். கண்டியில் வளர்ந்தவர்களும் அப்படியே சொல்வார்கள். இரண்டு பேர் சொல்வதும் சரி. ஒருவரைப் பார்த்து ஒருவர் கற்க வேண்டிய தேவையே இருக்கவில்லை. அமெரிக்காவிலிருந்து வந்த பழம், தகர டின்னில் வந்த பால், ஆலையில் உறைந்த ஐஸ் என்ற மூன்றும் இரண்டு கரைகளையும் வந்தடைந்தன. பானம் இரண்டு இடத்திலும் தானாகப் பிறந்தது.

பழம்தான் மூத்தது. மெக்சிக்கோவின் தெவாக்கான் பள்ளத்தாக்குக் குகைகளில் பல ஆயிரம் ஆண்டு பழைய ஆனைக்கொய்யாக் கொட்டைகள் கிடைத்திருக்கின்றன. 1519இல் ஸ்பெயின்காரர் மார்ட்டின் ஃபெர்னாண்டஸ் டி என்சிசோ தென்னமெரிக்காவின் வடகரையில் இதைக் கண்டு, உள்ளே வெண்ணெய் போலிருக்கிறது என்று எழுதினார். பிறந்த ஊரில் இது உப்போடும் மிளகாயோடும் சோளரொட்டியோடும் சேர்கிற பண்டம். அங்கே அதை யாரும் பழமென்று தனியே ஒதுக்கி வைத்ததில்லை.

அப்படியானால் இனிப்பு எங்கே சேர்ந்தது? பழைய சாட்சி ஒருவர் இருக்கிறார். வில்லியம் டாம்பியர், ஆங்கிலேயக் கடற்கொள்ளைக்காரர், கண்டதையெல்லாம் குறித்துவைத்த மனிதர். 1697இல் வெளிவந்த தன் உலகப் பயண நூலில், பனாமாப் பக்கம் உண்ட இந்தப் பழத்தைப் பற்றிச் சொல்கிறார்: இதற்கென்று தனிச்சுவை இல்லை, அதனால் சீனியும் தேசிக்காய்ச் சாறும் சேர்த்துத் தட்டில் வைத்து அடித்துச் சாப்பிடுகிறார்கள், மிக நன்றாயிருக்கிறது. உப்புப் போட்டுச் சுட்ட வாழைக்காயோடு தின்பதுதான் சாதாரண வழக்கம் என்றும் சேர்த்துச் சொல்கிறார். அவர் சொன்ன இனிப்புக் கூட்டில் பாலையும் ஐசையும் சேர்த்தால் இன்றைய பானம் வந்துவிடும். அதே டாம்பியர் 1686இல் மிண்டனாவோவில் வந்து இறங்கியவர். செய்முறை தெரிந்த ஆள் பிலிப்பைன்சுக்கு வந்துவிட்டார், பழம் வரவில்லை.

அதே காலத்தில் இன்னொரு ஆங்கிலேயக் கடலோடி கண்டி இராச்சியத்துக்குள் இருந்தார். கொட்டியாரக் குடாவில் 1660இல் பிடிபட்டு, இரண்டாம் இராஜசிங்கனின் நாட்டில் பத்தொன்பது ஆண்டு சிறைவாழ்வு வாழ்ந்து, 1679இல் தப்பிய ரொபர்ட் நொக்ஸ். 1681இல் அவர் வெளியிட்ட நூலில் பலாவும் கமுகும் தாளிப்பனையும் வருகின்றன. கித்துள் மரத்திலிருந்து இனிப்பு நீர் இறக்கிக் காய்ச்சிக் கருப்பட்டி எடுப்பதையும் விவரித்திருக்கிறார். அவர் கடைசியாகக் குடியிருந்த உடுநுவரை எலதெத்தக் கிராமம், இன்று ஆனைக்கொய்யா குவிகிற பிலிமத்தலாவை வீதியிலிருந்து அதிக தூரமில்லை. கண்டியில் இனிப்பு இருந்தது, பனாமாவில் பழம் இருந்தது. இரண்டையும் எழுதிவைத்தவர்கள் ஒரே தலைமுறைக்காரர்கள். இரண்டும் ஒரு கிளாசில் சந்திக்க நெடுங்காலம் பிடித்தது.

தாமதத்தை விளங்கிக்கொள்ளக் கொட்டையைப் பார்த்தால் போதும். நெல்லையோ மிளகாயையோ போல ஆனைக்கொய்யாக் கொட்டையைக் காயவைத்துப் பொட்டலம் கட்ட முடியாது. காய்ந்தால் முளை செத்துவிடும். மெக்சிக்கோவின் அக்கப்புல்கோவிலிருந்து மணிலாவுக்குக் கப்பல் வர மூன்று மாதமளவு ஆகும். 1565 தொடக்கம் 1815 வரை, இருநூற்றைம்பது ஆண்டுகள், அந்தக் கப்பல்கள் கொய்யாவையும் பப்பாளியையும் அன்னாசியையும் சப்போட்டாவையும் பிலிப்பைன்சுக்குக் கொண்டுவந்தன. ஆனைக்கொய்யா அங்கே வேர்பிடித்ததோ 1890இல் ஸ்பெயின்காரர் கொண்டுவந்த விதைகளாலும், 1902 தொடக்கம் 1907 வரை அமெரிக்க ஆட்சியின் விவசாயத் துறை தருவித்த வகைகளாலும்தான்.

நம் பக்கத்தில் இந்த மாதிரிப் பயிர்களுக்கு வாசல் பேராதனை. மகாவலி வளைந்தோடும் இடத்தில் 1821இல் அலெக்சாண்டர் மூன் தாவரவியல் தோட்டத்தை நிறுவினார். தோட்டம் என்றதும் இன்று பூவும் புல்வெளியும் சுற்றுலாப் பயணிகளும் நினைவுக்கு வருகிறார்கள். அன்று அதன் வேலை வேறு. பேரரசு எங்கோ கண்டெடுத்த பயிரை இங்கே நட்டுப் பார்த்து, பிழைத்தால் நாற்றாக வெளியே அனுப்புகிற களம் அது. கண்ணாடிப் பெட்டிக்குள் நாற்றை உயிரோடு கப்பலேற்றும் வித்தை 1830களில் கைவந்த பிறகு, காயக்கூடாத விதைகளும் கடல் தாண்டின. 1876இல் ரப்பர் நாற்றுகள் இலங்கைக்கு வந்தது அப்படித்தான், 38 பெட்டிகளில். பேராதனையின் பொறுப்பாளராயிருந்த எச். எஃப். மக்மிலன் 1910இல் வெளியிட்ட வெப்பமண்டலத் தோட்டக்கலைக் கைநூலில் ஆனைக்கொய்யாவுக்கும் இடம் உண்டு. இந்த மரம் கறுவாவின் குடும்பத்தைச் சேர்ந்தது. கறுவாவுக்காகவே அந்நியர் அடித்துக்கொண்ட தீவுக்கு, அதன் அமெரிக்க உறவு சத்தமில்லாமல் வந்து குடியேறியது.

பேராதனைக்கு வெளியே இந்த மரத்தை வளர்த்தது கண்டியின் வீட்டுத்தோட்டம். தேயிலை மலைகளுக்குக் கீழே, கம்பளையிலும் கட்டுகஸ்தோட்டையிலும் ஹாரிஸ்பத்துவையிலும் பார்த்தால், வீட்டைச் சுற்றிப் பலா, தென்னை, கமுகு, அதில் ஏறிய மிளகு, சாதிக்காய், கராம்பு, கோப்பி என்று தட்டுத் தட்டாக நிற்கும். அந்தக் கூட்டத்தில் ஆனைக்கொய்யாவும் ஒன்று. வரிசை போட்டு நட்டதில்லை. தின்ற பழத்தின் கொட்டை குப்பையில் முளைத்தாலும் யாரும் பிடுங்கி எறிவதில்லை. தேயிலைத் தோட்டத் தொழிலாளர் லயங்களின் பின்புறத்திலும் அப்படி நிற்கும் மரங்கள் உண்டு.

கொட்டையில் முளைத்த மரத்துக்கு ஒரு குணம்: தாயைப் போல இருக்காது. இதன் பூ இரண்டு முறை விரியும், முதல்முறை பெண்ணாக, அடுத்த நாள் ஆணாக. சில மரங்கள் காலையில் பெண், சில மரங்கள் பிற்பகலில் பெண். அதனால் பக்கத்து வளவு மரத்தோடு கலந்துதான் பெரும்பாலும் காய் பிடிக்கும். ஒரு மரத்துப் பழம் வெண்ணெயாக உருகும், அதன் கொட்டையில் வந்த மரத்துப் பழம் நாரும் தண்ணீருமாக இருக்கும். எந்த வீட்டு மரத்துப் பழம் நல்லது என்பது அந்தந்தத் தெருவுக்குத் தெரியும். என் பார்வையில், இந்த வேற்றுமைதான் பானத்தைப் பிறப்பித்தது. கரையோர அமெரிக்காவின் வெப்பமான ஈரநிலத்து வகைகள் பெரியவை, தோல் மழமழப்பானவை, கொழுப்புக் குறைந்தவை. பத்து வீதத்துக்கும் கீழே. மெல்லிய இனிப்பும் உண்டு. அவற்றை ரொட்டியில் பூசினால் நீர் கசியும். பாலில் கரைத்தாலோ அமிர்தம். கலிபோர்னியாவின் லா ஹப்ராவில் தபால்காரர் ருடால்ஃப் ஹாஸ் வளர்த்து 1935இல் காப்புரிமை பெற்ற ஹாஸ் பழம் அதற்கு நேர்மாறு: சிறியது, சொரசொரப்பானது, கொழுப்பு மிகுந்தது. உலகச் சந்தை முழுக்க அதுவே போய்ச் சேர்ந்ததால், ஆனைக்கொய்யா என்றாலே உப்பும் மிளகும் என்றாகிவிட்டது. இனிப்புப் போடுவது பழத்தைக் கெடுப்பது என்று இப்போது கண்டி உணவகங்களில் பேசுவோரும் உண்டு. அதை நான் ஏற்கமாட்டேன். நம் மரங்களின் பழத்துக்கு எது பொருந்தும் என்று நாவால் பார்த்துக் கண்டுபிடித்தவர்கள் நம் பாட்டிமார்.

அவர்கள் கையில் இருந்த பால் டின்பால். 1856இல் கெயில் போர்டன் அமெரிக்காவில் பாலைச் சுண்டவைக்கும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். 1866இல் சுவிட்சர்லாந்தின் காம் நகரில் பேஜ் சகோதரர்கள் ஆலை தொடங்கினார்கள். அந்தக் கம்பனி 1905இல் நெஸ்லேயோடு இணைந்தது. அடுத்த ஆண்டே நெஸ்லே இலங்கைக்கு வந்துவிட்டது. டின்பாலில் கிட்டத்தட்டப் பாதி சீனி. அந்தச் சீனிதான் காவல்: திறந்த டின்னும் வெப்பத்தில் சில நாள் கெடாமல் நிற்கும். மாடு இல்லாத லயத்துக்கும் குளிர்சாதனப் பெட்டி இல்லாத வீட்டுக்கும் அது பெரிய கொடை. மூடியில் எதிரெதிராக இரண்டு துளை குத்தி, எறும்பு ஏறாமல் தண்ணீர்த் தட்டில் வைத்திருப்பார்கள். விருந்தாளி வந்தால் தேநீருக்கு, காய்ச்சலில் கிடக்கும் பிள்ளைக்கு, பழம் கனிந்தால் ஆனைக்கொய்யாவுக்கு. பாலும் சீனியும் ஒன்றாகவே அதில் இருந்ததால், சுவை குறைந்த பழத்துக்கு வேறொன்றும் தேட வேண்டியிருக்கவில்லை.

ஐசின் கதை சுருக்கமானது. கொழும்பில் 1866இல் தொடங்கிய ஐஸ் கம்பனிதான் பிற்காலத்து எலிஃபன்ட் ஹவுஸ். மணிலாவில் அமெரிக்க அரசு 1902இல் ஐஸ் ஆலை கட்டியது. அந்த நகரம் ஐசைத் தழுவிக்கொண்ட வேகம் வேறு. நொறுக்கிய ஐசில் பழமும் பயறும் பாலும் சேர்க்கும் ஹாலோ-ஹாலோவும் அங்கே வளர்ந்தது அந்தக் காலத்தில்தான். பிலிப்பைன்ஸ் ஆனைக்கொய்யாப் பானம் ஐசோடு பிறந்தது. கண்டியில் அது முதலில் தட்டில் மசித்துக் கரண்டியால் உண்ணும் பண்டம். வீடுகளுக்குக் குளிர்சாதனப் பெட்டி வந்த பிறகுதான் கிளாசுக்கு ஏறியது.

வீட்டில் செய்ய அதிகம் வேண்டாம். இரண்டு கிளாசுக்கு நடுத்தரமான ஒரு பழம் போதும். காம்புப் பக்கம் விரலால் மெதுவாக அமுக்கினால் இணங்க வேண்டும். இந்தப் பழம் மரத்தில் கனிவதில்லை, பறித்த பிறகே கனியும்; அவசரமென்றால் வாழைப்பழத்தோடு கடதாசிப் பையில் சுற்றி வைக்கலாம். பிளந்து, கொட்டையை ஒட்டிய நாரையும் கறுத்த இடத்தையும் நீக்கிவிட்டுச் சதையை வழித்தெடுங்கள். உடனே அரைத் தேக்கரண்டி தேசிக்காய்ச் சாறு. காற்றுப் பட்டால் சதை கறுக்கும், புளிப்பு அதைத் தடுக்கும். டாம்பியர் கண்ட மக்கள் சுவைக்காகச் செய்தார்களோ நிறத்துக்காகச் செய்தார்களோ, இரண்டுக்கும் அது உதவும். பிறகு மேசைக்கரண்டியால் மூன்று டின்பால், ஒரு சிட்டிகை உப்பு. முள்ளுக்கரண்டியால் மசியுங்கள். பிலிப்பைன்சில் பலர் சிறு துண்டுகள் வாயில் தட்டுப்படும்படி விடுவார்கள், எனக்கும் அதுதான் பிடிக்கும். மசிந்த பிறகே குளிர்ந்த பால் ஒரு கிளாஸ். முதலிலேயே ஊற்றினால் கட்டி கட்டியாக நிற்கும். சூடான பாலை மட்டும் விடக்கூடாது. சூடு பட்டால் இந்தப் பழம் கசக்கும். ஐஸ் போட்டு அப்போதே குடித்துவிட வேண்டும், நாளைக்கு வைக்கும் பானம் அல்ல இது.

கண்டிக்கென்று ஒரு வழி உண்டு. டின்பாலுக்குப் பதில் கித்துள் பாணி, மாட்டுப்பாலுக்குப் பதில் தேங்காயின் கட்டிப்பால். 2022இல் பால்மா கடைகளில் கிடைக்காமல் போனபோதும் கண்டி வளவுகளில் இவை இரண்டும் இருந்தன. பாணியின் புகை மணம் பழத்தின் பச்சை மணத்தோடு இழைகிறபோது வருகிற சுவை டின்பாலில் வராது. நொக்ஸ் எழுதிய இனிப்பும் டாம்பியர் எழுதிய பழமும் சேர்கிற கிளாஸ் அது.

தமிழ்நாட்டு வாசகருக்கும் இதில் பங்கு உண்டு. இந்தியாவுக்கு ஆனைக்கொய்யா போனது இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், இலங்கையிலிருந்து. கொடைக்கானல் கீழ்மலையிலும் ஏற்காட்டிலும் குடகிலும் கோப்பிக்கு நிழலாக நின்ற மரங்கள் அந்த வழியில் வந்தவை. தடியன்குடிசை ஆராய்ச்சி நிலையம் அவற்றிலிருந்து டிகேடி 1 என்ற வகையையும் தந்திருக்கிறது. அங்கே அது பட்டர் ஃப்ரூட். பெங்களூர்ப் பழச்சாறுக் கடைகளில் பாலும் சீனியும் சேர்த்து அடித்துத் தருகிறார்கள்.

இப்போது ஏற்றுமதிக்கென்று இலங்கையிலும் ஹாஸ் நடுகிறார்கள். நடட்டும், உழவருக்கு வருமானம் வரும். ஆனால் அதற்காக வளவில் நிற்கும் பெரிய பச்சைப்பழ மரத்தைத் தறிப்பதைப் பார்க்கையில் மனம் பதறுகிறது. பாலுக்கு ஏற்ற பழம் அதில்தான் காய்க்கிறது. இடமிருப்பவர்கள் பொலொக் ஒட்டுக்கன்று ஒன்று நடலாம். மியாமியில் தோன்றிய வகை, பழம் ஒன்று ஒரு கிலோவைத் தொடும், கண்டியின் ஈரத்துக்கு ஒத்துவரும். அதன் பூ பிற்பகலில் பெண்ணாக விரிவது. ஆகவே காலையில் பெண்ணாக விரியும் சிமண்ட்ஸ் கன்று ஒன்றையும் அருகில் வையுங்கள். கொட்டையில் முளைத்த மரம் காய்க்க ஆறேழு ஆண்டுகூட ஆகலாம், ஒட்டுக்கன்று மூன்று நான்கு ஆண்டில் பழம் தரும். தண்ணீர் தேங்கும் பள்ளத்தில் மட்டும் நடவேண்டாம், வேர் அழுகிவிடும்.