கூம்புக்குப் பிடித்த குரல்

நூறு ஆண்டுகளுக்கு முன் பதிவான இசைத்தட்டு ஒன்றை எப்போதேனும் கேட்டிருக்கிறீர்களா? ஒலியியல் பாடம் நடத்தும்போது, இத்தாலியப் பாடகர் என்ரிகோ கரூசோவின் பாட்டு ஒன்றை நான் வகுப்பில் ஒலிக்கச் செய்வதுண்டு. இரண்டு ஆண்டுகளுக்கு முன் ஒரு மாணவர் எழுந்து, "சார், இவர் பானைக்குள் தலையை விட்டுக்கொண்டு பாடுகிறாரா?" என்று கேட்டார். வகுப்பே சிரித்தது, நானும் சிரித்தேன். ஆனால் யோசித்துப் பார்த்தால், அந்த மாணவர் சொன்னதில் தவறு அதிகமில்லை. கரூசோ பாடியது ஒரு தகரக் கூம்பின் வாய்க்குள்தான்.

1902ஆம் ஆண்டு ஏப்ரல் 11ஆம் நாள், இத்தாலியின் மிலான் நகரில் ஒரு பெரிய ஹோட்டல் அறையில் அந்தக் கூம்பு பொருத்தப்பட்டது. பொருத்தியவர் ஃபிரெட் கெய்ஸ்பெர்க் என்னும் அமெரிக்கர். லண்டன் கிராமபோன் கம்பெனியின் ஒலிப்பதிவாளர். கரூசோவுக்கு அப்போது வயது 29. பத்துப் பாட்டுகளுக்கு 100 பிரிட்டிஷ் பவுண்டு கேட்டார். தொகை மிக அதிகம், பதிவு செய்யக்கூடாது என்று லண்டனிலிருந்து தந்தி வந்ததாகவும், அதைப் பொருட்படுத்தாமல் தாம் பதிவு செய்துவிட்டதாகவும் கெய்ஸ்பெர்க் பின்னாளில் தம் நினைவுக் குறிப்புகளில் எழுதினார். பத்துப் பாட்டுகளும் ஒரே பிற்பகலில் முடிந்துவிட்டன. அதுவரை கிராமபோனை விளையாட்டுப் பொருள் என்று எண்ணியிருந்த பாடகர்கள், அதன்பின் அதைத் தேடி வரலாயினர்.

அந்த அறையில் மின்சாரத்துக்கு வேலையே இல்லை என்பதை நீங்கள் மனத்தில் கொள்ள வேண்டும். ஒலிவாங்கி இல்லை, பெருக்கி இல்லை. பாடகரின் குரல் கூம்பின் அகன்ற வாயில் நுழைந்து, குறுகிய முனையிலுள்ள மெல்லிய தகட்டை அதிரச் செய்யும். தகட்டுடன் இணைந்த ஊசி, சுழலும் மெழுகுத் தட்டில் வளைந்து நெளிந்து பள்ளம் கீறும். அந்த மெழுகைக் கீறுவதற்கான ஆற்றல் முழுவதும் பாடகரின் நுரையீரலிலிருந்தே வந்தாக வேண்டும். மிக உரக்கப் பாடுபவரின் ஒலித்திறனும் ஒரு வாட்டை எட்டுவது அரிது. அதிலும் கூம்புக்குள் நுழைவது ஒரு பங்குதான். ஆகவே முகத்தைக் கூம்பின் வாயருகே வைத்துப் பாட வேண்டும். உச்ச சுரம் வரும்போது ஊசி எகிறிவிடாமலிருக்கச் சற்றே பின்வாங்க வேண்டும். பாடகரின் தோளைப் பிடித்து முன்னும் பின்னும் நகர்த்துவதற்கென்றே ஆள் நிற்பதுண்டு.

இந்தக் கூம்பு எல்லா ஒலிகளையும் ஒன்றுபோல் ஏற்கவில்லை. ஏறத்தாழ 200 ஹெர்ட்ஸ் முதல் 2000 அல்லது 2500 ஹெர்ட்ஸ் வரையில்தான் அது ஓரளவு உண்மையாகப் பதிந்தது. அந்த எல்லைக்குள்ளும் சில அதிர்வெண்களில் கூம்பே ஒத்ததிர்வு கொண்டு, தன் குரலையும் சேர்த்துக்கொண்டது. மாணவர் கேட்ட பானை ஒலி அதுதான்.

இப்போது சிறிய கணக்கு ஒன்று போட்டுப் பார்ப்போம். எந்த இசையொலியிலும் அடிப்படை அதிர்வெண்ணுடன் அதன் மடங்குகளான மேற்சுரங்களும் கலந்திருக்கும். குரலுக்கு நிறம் தருவன அவையே. கரூசோவைப் போன்ற டெனர் பாடகர், அதாவது உச்ச ஆண்குரல் உடையவர், 400 ஹெர்ட்ஸில் பாடுகிறார் என்று கொள்வோம். 400, 800, 1200, 1600, 2000 என ஐந்து பகுதிகள் கூம்பைக் கடந்துவிடும். குரலை அடையாளம் காண அது போதும். உச்சப் பெண்குரலான சொப்ரானோ 1000 ஹெர்ட்ஸில் பாடினாலோ, 1000, 2000 என்ற இரண்டு மட்டுமே தங்கும். அந்த அம்மையாரின் குரல் ஏதோ புல்லாங்குழல் ஊதுவதுபோல் வெறுமையாகிவிடும். கீழ்க்குரல் ஆண் பாடகர் 100 ஹெர்ட்ஸில் பாடினால் அடிப்படைச் சுரமே பதிவாகாது. விடுபட்டதை நம் செவி மேற்சுரங்களிலிருந்து தானே ஊகித்துக்கொள்கிறது, அவ்வளவுதான். தட்டு யுகத்தின் முதல் உலகப் புகழ் ஒரு டெனருக்குக் கிடைத்ததில் கூம்புக்கும் பங்குண்டு என்பது என் கருத்து. கரூசோவின் திறமையை நான் குறைத்துச் சொல்லவில்லை. அதே கூம்பின் முன் எத்தனையோ டெனர்கள் நின்றார்கள். அவர்களுள் பலருடைய பெயரும் இன்று நமக்குத் தெரியாது.

இதில் இன்னொரு வேடிக்கையும் உண்டு. ஆப்பெரா என்பது தொடக்கம் முதல் முடிவு வரை பாட்டாகவே நடிக்கப்படும் இசை நாடகம். அதில் ஒரு தனி மனிதர், ஒலிபெருக்கியின் துணையின்றி, பெரிய வாத்தியக் குழுவை மீறி அரங்கின் கடைசி வரிசை வரை கேட்கும்படி பாட வேண்டும். இது எப்படி முடிகிறது? வாத்தியக் குழுவின் ஒலியாற்றல் பெரும்பாலும் 500 ஹெர்ட்ஸை ஒட்டியே குவிந்திருக்கிறது. பயிற்சி பெற்ற ஆப்பெரா ஆண் பாடகரோ, தொண்டையின் அமைப்பை மாற்றி, 3000 ஹெர்ட்ஸை ஒட்டிய பகுதியில் தம் குரலுக்கு வலுவேற்றுகிறார். அந்தப் பகுதியில் வாத்தியங்களின் போட்டி குறைவு. சுவீடன் நாட்டு ஆய்வாளர் ஜோஹன் சுண்ட்பெர்க் 1970களில் இதை விளக்கமாக எடுத்துக்காட்டினார். ஆனால் 3000 ஹெர்ட்ஸ் கூம்பின் எல்லைக்கு வெளியே அல்லவா இருக்கிறது! அரங்கையே வென்ற அந்த ஒலியைத்தான் கூம்பு வடிகட்டிவிட்டது. கரூசோ 1921இல், மின்முறைப் பதிவு வருவதற்கு முன்பே இறந்துவிட்டார். அவருடைய முழுக் குரலை நாம் யாரும் கேட்கப்போவதில்லை.

வாத்தியங்களின் பாடு இன்னும் மோசம். பெரிய டபுள்பாஸ் வாத்தியத்தின் ஒலி பதியாததால் அதன் இடத்தில் டியூபா என்னும் பித்தளைக் குழலை ஊதினார்கள். வயலினுக்குப் பதிலாக, மரப்பெட்டியை நீக்கி உலோகக் கூம்பு பொருத்திய 'ஸ்ட்ரோ வயலின்' என்ற விசித்திரக் கருவி வந்தது. ஒரு தட்டுக்கு மூன்று அல்லது நான்கு நிமிடம்தான். 1903இல் வெர்டியின் 'எர்னானி' ஆப்பெரா முழுவதையும் வெளியிட 40 ஒருபக்கத் தட்டுகள் தேவைப்பட்டன.

(கெய்ஸ்பெர்க் அதே 1902இல் இந்தியாவுக்கும் வந்தார். நவம்பரில் கல்கத்தாவில் கௌஹர் ஜானின் குரலைப் பதிவு செய்தார். பாட்டு முடிந்ததும் அந்த அம்மையார் தம் பெயரை ஆங்கிலத்தில் உரக்கச் சொல்வது இன்றும் அத்தட்டுகளில் கேட்கிறது. தட்டு அச்சிடும் ஜெர்மனித் தொழிலாளர் அடையாளம் காண்பதற்காக அந்த ஏற்பாடு.)

இனி ஹார்ப்சிகார்டுக்கு வருவோம். பார்வைக்குப் பியானோவின் தம்பி போலிருக்கும், உண்மையில் அண்ணன். பியானோவில் சுத்தி கம்பியைத் தட்டுகிறது. ஹார்ப்சிகார்டிலோ, கட்டையை அழுத்தினால் ஒரு மரத்துண்டு மேலெழும். அதில் செருகிய பறவை இறகின் தண்டு, வீணையை மீட்டும் விரல்போல், கம்பியைச் சுண்டிவிடும். மெல்ல அழுத்தினாலும் ஓங்கி அழுத்தினாலும் ஒலியின் வலிமை ஏறக்குறைய ஒன்றே. பாக், ஸ்கார்லட்டி காலத்தில் கோலோச்சிய இக்கருவி, 1700ஐ ஒட்டி கிறிஸ்டோஃபோரி என்ற இத்தாலியர் பியானோவைச் செய்தபின் மெல்ல மெல்ல ஒதுங்கி, 1800 வாக்கில் மூலைக்குப் போய்விட்டது.

கூம்பின் காலத்தில் இதற்கு இரட்டைத் தடை. ஒலி மெல்லியது; கூட்டவும் வழியில்லை. மேலும் சுண்டப்பட்ட கம்பியின் பளிச்சென்ற ஒலி, கூம்புக்கு எட்டாத உயர்ந்த மேற்சுரங்களில்தான் இருக்கிறது. 1920இல் வயலெட் கார்டன் உட்ஹவுஸ் என்ற ஆங்கிலேய அம்மையார் முதன்முதலாக ஹார்ப்சிகார்டு இசையைத் தட்டில் பதிவு செய்தார். துணிவான செயல்தான். ஆயினும் கேட்பவர் காதுக்கு எட்டியது கருவியின் எலும்புக்கூடு மட்டுமே.

1925இல் நிலைமை தலைகீழாயிற்று. அமெரிக்காவின் வெஸ்டர்ன் எலெக்ட்ரிக் நிறுவனத்தைச் சேர்ந்த மாக்ஸ்ஃபீல்டும் ஹாரிசனும் உருவாக்கிய மின்முறைப் பதிவைத் தட்டுக் கம்பெனிகள் கையாளத் தொடங்கின. இப்போது மெழுகைக் கீறும் ஆற்றலைப் பெருக்கி தந்தது. இசைக்கருவி ஒலிவாங்கியிடம் சைகை காட்டினால் போதும். பதிவின் எல்லை ஏறத்தாழ 100 முதல் 5000 ஹெர்ட்ஸ் வரை விரிந்தது.

இதில் நாம் பெரும்பாலும் கவனிக்காத ஒன்று இருக்கிறது. தட்டு ஒலிக்கும்போது வலிமையை நிர்ணயிப்பது கருவியன்று, கேட்பவரின் கையிலுள்ள திருகு. அரங்கில் பத்தாவது வரிசைக்கே எட்டாத ஹார்ப்சிகார்டு, வீட்டு அறையில் நூறு பேர் கொண்ட வாத்தியக் குழுவுக்குச் சமமாக ஒலிக்கலாம். முந்நூறு ஆண்டுகளாக அக்கருவிக்கிருந்த குறையை ஒரு திருகு நீக்கிவிட்டது.

இந்த வாய்ப்பைப் பற்றிக்கொண்டவர் வாண்டா லாண்டவ்ஸ்கா. 1879இல் வார்சாவில் பிறந்து, பாரிசில் குடியேறியவர். அவருக்காகப் ப்ளேயல் கம்பெனி 1912இல் பெரிய ஹார்ப்சிகார்டு ஒன்றைக் கட்டித் தந்தது. 1933 நவம்பரில் பாக்கின் 'கோல்ட்பெர்க் மாறுபாடுகள்' முழுவதையும் பாரிசில் பதிவு செய்தார். ஹார்ப்சிகார்டில் அப்படைப்பு முழுமையாகப் பதிவானது அதுவே முதல் முறை. கடையில் விற்குமா என்ற ஐயத்தால் முன்கூட்டியே சந்தா வாங்கி வெளியிட்டார்கள்.

1940இல் ஸ்கார்லட்டியின் சொனாட்டாக்களைப் பாரிசில் பதிவு செய்துகொண்டிருந்தபோது, வெளியே விமான எதிர்ப்புப் பீரங்கிகள் வெடித்தன. அவர் நிறுத்தவில்லை, வாசித்துக்கொண்டே போனார். குண்டோசை தட்டில் இருக்கிறது. கூம்பாக இருந்திருந்தால் அது பதிவாகியிருக்குமா என்பது ஐயமே. ஒலிவாங்கிக்கு வேண்டியது, வேண்டாதது என்ற பேதம் தெரியாது. அவ்வாண்டு ஜூனில் ஜெர்மன் படைகள் நெருங்கியபோது யூதரான அவர் ஊரை விட்டு ஓடினார். பாரிசுக்கு அருகே ஸான்-லூ-லா-ஃபோரேயில் இருந்த அவருடைய வீட்டை நாஜிகள் சூறையாடினர். இசைக்கருவிகளும் ஏறத்தாழ 10,000 ஏடுகள் கொண்ட நூலகமும் போயின. அவர் நியூயார்க் வந்திறங்கிய நாள் 1941 டிசம்பர் 7.

ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். லாண்டவ்ஸ்காவின் ப்ளேயல் கருவி, பாக் அறிந்த ஹார்ப்சிகார்டு அன்று. பியானோவைப் போன்ற கனத்த அமைப்பு, ஒரு ஸ்தாயி கீழே ஒலிக்கும் கூடுதல் கம்பிகள், மிதிகள் எனப் பலவும் சேர்ந்தது. பின்னாளில் கருவி செய்வோர் பழைய மெல்லிய மர அமைப்புக்கே திரும்பினர். ஆகவே அந்தத் தட்டுகளில் நாம் கேட்பது 18ஆம் நூற்றாண்டின் ஒலியை அன்று. 20ஆம் நூற்றாண்டில் பிறந்த ஒலியை. அதனால் எனக்கு அவை கசந்துவிடவில்லை.

ஆப்பெராவுக்கும் ஹார்ப்சிகார்டுக்கும் பழைய உறவு உண்டு. மொட்சார்ட்டின் இசை நாடகங்களில் பேச்சுப்போல் பாடும் பகுதிகளுக்கு இத்தகைய விசைப்பலகைக் கருவிதான் துணை. ஆனால் 1936இல் இங்கிலாந்தின் கிளைண்ட்போர்ன் விழாக் குழுவினர் 'டான் ஜொவான்னி'யைப் பதிவு செய்தபோது அவ்விடத்தில் வாசித்தது பியானோ! 1948இல் பக்கத்துக்கு இருபது நிமிடத்துக்கு மேல் ஓடும் நெடுந்தட்டு வந்து, பழைய முறை வாசிப்பும் பரவிய பிறகே ஆப்பெராத் தட்டுகளில் ஹார்ப்சிகார்டு தன் இடத்தை மீட்டுக்கொண்டது.

பழைய பதிவுகளை இன்று இணையத்தில் எளிதில் கேட்கலாம். கேட்குமுன் சுழல் வேகத்தைச் சற்றுக் கவனியுங்கள். எல்லாவற்றையும் '78 சுற்று' என்கிறோம்; தொடக்க காலத்தில் அப்படி ஒரு கட்டுப்பாடு இருந்ததில்லை. 72 சுற்றில் பதிந்ததை 78இல் ஓட்டினால் அதிர்வெண் எட்டு விழுக்காட்டுக்கு மேல் உயரும். அதாவது அரைச்சுரத்துக்கும் அதிகம். நிதானமான பாடகர் பதற்றக்காரராகிவிடுவார்.

கூம்புக்காகப் பாடாத குரல்களும் சில எஞ்சியுள்ளன. நியூயார்க் மெட்ரோபாலிடன் ஆப்பெராவின் நூலகர் லயனல் மேப்பிள்சன், 1901 முதல் 1903 வரை, எடிசனின் மெழுகு உருளைப் பொறி ஒன்றை மேடைக்கு மேலுள்ள நடைபாதையில் வைத்து, நாடகம் நடக்கும்போதே இரண்டிரண்டு நிமிடமாகப் பதிவு செய்தார். போலந்து டெனர் ஜான் டி ரெஷ்கே, அக்காலத்தில் கரூசோவுக்கு முன் ஈடில்லாதவர் எனப்பட்டவர். அவர் பாடியதாக நம்மிடம் இருப்பவை அந்த உருளைகளே. குரல் நாற்பதடி தூரத்திலிருந்து வருகிறது. மெழுகு ஒவ்வொரு முறை ஓட்டும்போதும் தேய்ந்ததால் இரைச்சல் மழைபோல் கொட்டுகிறது. கணினியால் அந்த இரைச்சலைக் குறைக்கலாம். பதியாத அதிர்வெண்ணைத் திருப்பித் தர அதனால் இயலாது. காதைத் தீட்டிக்கொண்டு கேட்டால், மழைக்கு அப்பால் ஒரு மனிதர் பாடுவதும், சில உருளைகளில் மக்கள் கைதட்டுவதும் கேட்கும்.