உப்பு நகரும் பொன்னாடும்

1344இல் ஈழத்தில் ஆரியச்சக்கரவர்த்தியைச் சந்தித்த இபுனு பதூதா, 1352இல் மேற்கொண்ட சகாராப் பயணம் மேற்காபிரிக்கப் பொருளாதார வரலாற்றிற்கு இன்றியமையாத சான்றாகும்.

மொறோக்கோவின் பழம்பதியான சிஜில்மாசாவிலிருந்து வணிகச் சாத்துடன் புறப்பட்ட அவர், 25 நாட்களில் தகாசாவை அடைந்தார். அங்கு வீடுகளும் பள்ளிவாசலும் உப்புப் பாளங்களாலானவை, கூரையோ ஒட்டகத்தோல். மசூபா இனத்தாரின் அடிமைகளே உப்பை அகழ்ந்தனர். பேரீச்சம்பழமும் தானியமும் வெளியிலிருந்து வந்தே அவர்கள் உயிர் வாழ்ந்தனர்.

அப்பால் நீரற்ற பெருவெளி. சாத்துக்கு முன்னே தனித்துச் செல்லும் தூதன் வலாட்டா நகருக்குச் செய்தி சேர்ப்பின், அந்நகரத்தார் நான்கு நாட் பயணத் தொலைவு நீருடன் எதிர்வருவர். அவன் வழியில் மாண்டால் சாத்தும் அழிய நேரும். ஆதலின் அவனுக்குக் கூலி 100 மித்கால் பொன்.

ஒரு சுமை உப்பு வலாட்டாவில் 8 முதல் 10 மித்காலுக்கும், மாலியின் தலைநகரில் 20 முதல் 30 மித்காலுக்கும், சிலவேளை 40 மித்காலுக்கும் விலைபோயிற்று. பொன் மலிந்த நாட்டில் உப்பு அரிதாயிருந்தமையே இதன் காரணம்.

மன்சா சுலைமானின் ஆட்சியில் நிலவிய நீதியையும் வழிப்பாதுகாப்பையும் பாராட்டிய பயணி, 1353இல் 600 அடிமைப் பெண்களைக் கொண்டுசென்ற சாத்துடன் தாயகம் திரும்பினார். அவர் கூற, இபுனு ஜுசை 1355இல் எழுதி முடித்த நூலில் உப்பின் விலை உண்டு. அதனை அகழ்ந்தோரின் பெயர்கள் இல்லை. மாலியின் பொற்காலத்தை மதிப்பிடுவோர் இவ்விரண்டையும் ஒருங்கே நோக்குதல் வேண்டும்.