பேயோட்டிய பூ

மனச்சோர்வுக்கு மருந்து தேடாத தேசம் உலகத்தில் இல்லை. ஐரோப்பியர் அதற்காக நம்பிய மூலிகைகளில் மிகவும் பிரசித்தி பெற்றது ஒரு மஞ்சள் பூச்செடி. ஆங்கிலேயர் அதை செயின்ட் ஜான்ஸ் வோர்ட் என்பார்கள். தாவர நூலார் ஹைப்பெரிக்கம் என்பார்கள். சாலையோரத்தில் தானே முளைக்கிற செடிதான். இலையை வெளிச்சத்தில் பிடித்தால் ஊசியால் குத்தினாற்போலப் புள்ளிகள் தெரியும். மொட்டைக் கசக்கினால் விரலில் ரத்தம் போலச் சிவப்புச் சாறு ஒட்டும்.

யோவான் ஸ்நானகனின் திருநாள் ஜூன் 24-ஆம் தேதி. அதையொட்டிப் பூப்பதால் அவர் பெயரே செடிக்கும் வந்தது. கெட்ட ஆவிகள் அண்டாமல் இருக்க அதை வாசலில் கட்டித் தொங்கவிட்டார்கள். ஃபூகா டெமோனம், அதாவது 'பேயோட்டி' என்று லத்தீனில் ஒரு பெயரும் அதற்கு உண்டு. காரணம் தெரியாத துயரத்தைப் பேயின் வேலை என்று எண்ணிய காலத்தில், பேயோட்டியே துயரத்துக்கும் மருந்தாயிற்று.

1621-இல் ராபர்ட் பர்ட்டன் என்ற ஆக்ஸ்ஃபோர்டு அறிஞர் மனச்சோர்வைப் பற்றி ஒரு பெரிய நூல் எழுதினார். தம்முடைய சோர்வை மறப்பதற்காகவே அதை எழுதியதாக அவர் ஒப்புக்கொள்கிறார். அந்த நூலிலும் இந்தப் பூ வருகிறது. வெள்ளிக்கிழமையில், குருவின் ஹோரையில் பறித்துக் கழுத்தில் கட்டிக்கொள்ள வேண்டுமாம். இன்று நமக்குச் சிரிப்பு வருகிறது. ஆனால் அந்த நிபந்தனைகளுக்குள் ஒரு மரியாதை இருந்ததை மறக்கக் கூடாது. சக்தி உள்ள பொருளை நினைத்தபோதெல்லாம் தொடக் கூடாது என்று அவர்கள் கருதினார்கள்.

பூவின் யோகம் நம் காலத்தில்தான் உச்சத்துக்கு வந்தது. 1984-இல் மேற்கு ஜெர்மனியின் அரசாங்க நிபுணர் குழு ஒன்று, மனச்சோர்வுக்கு இதைக் கொடுக்கலாம் என்று அங்கீகரித்தது. 1996-இல் பிரிட்டிஷ் மருத்துவ சஞ்சிகை ஒன்று 23 பரிசோதனைகளையும் அவற்றில் பங்குகொண்ட 1,757 நோயாளிகளையும் கணக்கில் எடுத்து, லேசான, நடுத்தரமான சோர்வுக்கு இது வெற்று மாத்திரையைவிடப் பலன் தருகிறது என்று வெளியிட்டது. அமெரிக்காவிலோ 1994-ஆம் வருஷச் சட்டப்படி, இத்தகைய மூலிகைகளை விற்பதற்கு முன்னால் பலனை நிரூபிக்க வேண்டிய அவசியமே இல்லை. புட்டிகள் கடை கடையாக நிரம்பின. பழைய பேயோட்டிக்கு 'இயற்கையானது' என்ற புதுப் பட்டம் கிடைத்தது.

2000-ஆம் வருஷம் ஸ்விட்சர்லாந்தின் ஜூரிக் நகரிலிருந்து ஒரு செய்தி வந்தது. மாற்று இருதயம் பொருத்தப்பட்ட இரண்டு பேரின் உடல்கள் திடீரென்று அந்த இருதயத்தை ஏற்க மறுத்தன. அப்படி மறுக்காமல் காப்பது சைக்ளோஸ்போரின் என்ற மருந்து. இருவரின் ரத்தத்திலும் அதன் அளவு இறங்கியிருந்தது. விசாரித்துப் பார்த்ததில், இருவருமே சில வாரங்களாக மனச்சோர்வுக்கு இந்த மூலிகையைச் சாப்பிட்டு வந்தது தெரிந்தது. அதை நிறுத்தியதும் மருந்தின் அளவு பழைய நிலைக்கு ஏறியது.

காரணமும் அதே வருஷத்தில் துலங்கியது. செடியில் உள்ள ஹைப்பர்ஃபோரின் என்ற பொருள் ஈரலைத் தூண்டிவிடுகிறது. ஈரல், வேற்றுப் பொருள்களைச் சிதைத்து அகற்றும் தன் வேலையை இருமடங்கு உற்சாகத்தோடு செய்கிறது. விரட்ட வேண்டியதையும் விரட்டக் கூடாததையும் அது பிரித்துப் பார்ப்பதில்லை. எய்ட்ஸ் மருந்து ஒன்றின் அளவு பாதிக்கு மேல் குறைந்தது. கருத்தடை மாத்திரையும் பலன் குன்றுகிறது. மனச்சோர்வுக்கான வேறு மாத்திரைகளோடு சேர்ந்தால் ஆபத்து வேறு விதமாக வரும்.

சரி, சோர்வையாவது போக்குகிறதா? 2002-இல் அமெரிக்காவில் 340 பேரிடம் நடந்த சோதனையில் அது வெற்று மாத்திரையை வெல்லவில்லை. ஒப்பிடுவதற்காகச் சேர்த்த பிரபலமான டாக்டர் மருந்தும் வெல்லவில்லை! 2008-இல் 29 சோதனைகளைத் திரட்டிப் பார்த்தபோது பலன் உண்டு என்று தெரிந்தது. ஆனால் ஜெர்மன் பேசும் நாடுகளில் நடந்த சோதனைகளில்தான் அந்தப் பலன் கூடுதலாகத் தெரிந்தது. ஒரு பூ பாஷை பார்த்து வேலை செய்யுமா என்று கேட்கத் தோன்றுகிறது.

கதை எழுதுகிற எனக்கு அந்த இரண்டு நோயாளிகளின் நினைவுதான் நிற்கிறது. இன்னொருவரின் இருதயத்தைச் சுமந்து வாழ்வது சாமானியமான காரியமா? அவர்கள் மனம் சோர்ந்ததில் அதிசயம் இல்லை. ஆறுதல் தேடியதிலும் தவறில்லை. தினமும் தவறாமல் மாத்திரை சாப்பிடுகிறவர்கள்தான். இந்தப் பூ மட்டும் மாத்திரைக் கணக்கில் சேரவில்லை. "மூலிகைதானே, என்ன செய்துவிடும்?" என்ற கேள்வி எல்லாப் பாஷையிலும் இருக்கிறது. பேயை ஓட்டும் என்று நம்பியவன் பூவுக்குப் பயந்தான். இயற்கையானது என்று நம்பியவன் பயத்தை விட்டான். எதையாவது செய்யக்கூடிய பொருள், நாம் கேட்டதை மட்டும் செய்துவிட்டு நிற்காது. மனம் சோர்ந்தவர் வைத்தியரிடம் போகும்போது, சாப்பிடுகிற மாத்திரைகளின் பெயர்களோடு அந்த மூலிகையின் பெயரையும் கூச்சப்படாமல் சொல்லிவிடுவது நல்லது.