எல்லைக் கோட்டின் இரு புறமும்

விளையாட்டரங்கு ஒவ்வொன்றிலும் ஓர் எல்லைக் கோடு உண்டு. ஓரிடத்தில் அது சுண்ணாம்பால் இடப்பட்டிருக்கும். ஓரிடத்தில் கயிறாக இருக்கும். வேறோரிடத்தில் வெறும் பலகை வேலியாக இருக்கும். கோட்டுக்கு உட்புறம் ஆடுவோர், வெளிப்புறம் காண்போர். காண்போர் தரும் பணம் தொழில்முறை ஆட்டக்காரருக்கு ஊதியமாகிறது; ஆடுவோர் காட்டும் திறன் காண்போருக்கு இன்பமாகிறது. இவ்விரு சாராரும் ஒருவரையொருவர் நம்பியே ஓரிடத்தில் கூடுகின்றனர். எனினும், சிற்சில வேளைகளில் அக்கோடு கடக்கப்பட்டு, ஆட்டக்காரரின் கை பார்வையாளர்மீது விழுந்ததுண்டு. அவ்வாறு அடித்தவரை யார் தண்டிப்பது? எவ்வளவு தண்டிப்பது? அவரை வைது தூண்டிய பார்வையாளரை என்ன செய்வது? இம்மூன்று வினாக்களுக்கும் ஒருவாறு விடை காண விளையாட்டுலகம் ஏறத்தாழ நூறாண்டு எடுத்துக்கொண்டது. அவ்வரலாற்றை இங்கே சுருக்கமாக நோக்குவோம்.

1912ஆம் ஆண்டு மே மாதம் 15ஆம் நாள், நியூயார்க் நகரத்தில் ஹில்டாப் பார்க் என்னும் அரங்கில் பேஸ்பால் ஆட்டம் ஒன்று நடைபெற்றது. மட்டையும் பந்தும் கொண்டு ஆடப்பெறும் அவ்விளையாட்டு அமெரிக்க மக்களின் பெருவிருப்புக்கு உரியது. அன்று டெட்ராய்ட் அணியில் ஆடியவர் டை காப். அக்காலத்தில் அவரை விஞ்சிய மட்டையாளர் அரியர். அவர் ஆற்றல் எவ்வளவு பெரிதோ, அவ்வளவு பெரிது அவர் சினமும். பார்வையாளர் ஒருவர் நெடுநேரம் அவரை இழித்துக் கூவிக்கொண்டிருந்தார். பொறுமை இழந்த காப் வேலியைத் தாண்டி இருக்கைகளுக்கிடையே பாய்ந்து, அம்மனிதரைக் கையாலும் காலாலும் தாக்கினார். அடிபட்டவர், அச்சியந்திர விபத்தொன்றில் ஒரு கையை முழுதும், மற்றொரு கையின் விரல்கள் சிலவற்றையும் முன்னரே இழந்தவர். 'அவருக்குக் கைகள் இல்லையே' என்று அருகிலிருந்தோர் கூவியபோதும் காப் நிறுத்தவில்லை என்று அக்காலச் செய்திகள் கூறுகின்றன.

லீக்கின் தலைவரான பான் ஜான்சன், காப்பைக் காலவரையறையின்றி விலக்கி வைத்தார். விசாரணை எதுவும் நடைபெறவில்லை. காப்பின் விளக்கம் கேட்கப்படவும் இல்லை. ஒருவர் மனத்தில் எழுந்த முடிவே தீர்ப்பாயிற்று. காப்பிடம் அத்துணை அன்பில்லாத உடனாட்டக்காரர்களும்கூட இம்முறையைக் கண்டு வெகுண்டனர். மே 18ஆம் நாள் பிலடெல்பியாவில், காப் களத்திலிருந்து விலக்கப்பட்டவுடன், டெட்ராய்ட் அணியினர் அனைவரும் அவருடன் வெளியேறினர். ஆட்டம் நடவாமற் போனால் அணியின் உரிமையாளருக்குப் பெருந்தொகை அபராதம் விழும். ஆதலின், அவ்வூரிலே கிடைத்த கல்லூரி இளைஞர்களையும் பிறரையும் திரட்டி, அணியின் உடையை அணிவித்து ஆடச் செய்தனர். அந்த ஆட்டத்தில் டெட்ராய்ட் 24க்கு 2 என்ற கணக்கில் தோற்றது. இறுதியில் காப்பே தம் தோழரை ஆடத் திரும்புமாறு கேட்டுக்கொண்டார்.

இவ்வழக்கின் முடிவு நம் சிந்தனைக்கு உரியது. ஊனமுற்ற ஒருவரை அடித்த காப்புக்கு 50 டாலர் அபராதமும் பத்து நாள் விலக்கமும் கிடைத்தன. ஆட மறுத்த தோழர் ஒவ்வொருவருக்கும் 100 டாலர் அபராதம் விதிக்கப்பட்டது. அஃதாவது, பார்வையாளரை அடித்த குற்றத்தைக் காட்டிலும், தலைவரின் ஆணையை எதிர்த்த குற்றம் இருமடங்கு அபராதத்துக்கு உரியதாகக் கருதப்பட்டது. உரிமையாளரின் வருவாயும் லீக்கின் அதிகாரமும் காக்கப்பட்டன. அடிபட்டவரின் காயம் கணக்கில் வந்ததாகத் தெரியவில்லை. அவ்வாண்டே ஆட்டக்காரர்கள் தங்கள் உரிமைகளுக்கென ஒரு சங்கம் அமைத்தனர். விசாரணையின்றித் தண்டித்தல் தவறு என்னும் எண்ணம் வேரூன்றியது. ஆனால் பார்வையாளரின் உடலுக்கும் பாதுகாப்பு வேண்டும் என்னும் எண்ணம் வலுப்பெற மேலும் பல்லாண்டு ஆயிற்று.

இனி நமக்கு நெருங்கிய கிரிக்கெட்டுக்கு வருவோம். 1980 டிசம்பர் இறுதியில் பாகிஸ்தானின் முல்தான் நகரில் தொடங்கிய டெஸ்ட் ஆட்டத்தில், மேற்கிந்தியத் தீவுகளின் வேகப்பந்து வீச்சாளர் சில்வெஸ்டர் கிளார்க் எல்லையருகே நின்றுகொண்டிருந்தார். கூட்டத்திலிருந்து ஆரஞ்சுப் பழங்கள் அவர்மேல் எறியப்பட்டன. எல்லையைக் குறிக்க வைத்திருந்த செங்கற்களுள் ஒன்றை எடுத்து அவர் கூட்டத்தை நோக்கி வீசினார். அது மாணவர் ஒருவரின் தலையில் பட்டது. அவருக்கு அறுவைச் சிகிச்சை செய்ய வேண்டியதாயிற்று. கொந்தளித்த கூட்டத்தை அமைதிப்படுத்த, அதே அணியின் கல்லிச்சரண் முழந்தாளிட்டு வேண்டினார். கிளார்க் மூன்று ஆட்டங்களுக்கு விலக்கி வைக்கப்பட்டார். கிரிக்கெட்டில் ஆட்டக்காரர் ஒழுங்கை விசாரிக்கும் மேற்பார்வை நடுவர் என்னும் பதவியே 1991இல்தான் ஏற்பட்டது. அதற்குமுன் இத்தகைய குற்றங்களுக்கு எல்லா நாட்டினர்க்கும் பொதுவான ஓர் அளவுகோல் இல்லை.

1995ஆம் ஆண்டு இவ்வரலாற்றில் ஒரு திருப்பம் எனலாம். அவ்வாண்டு ஜனவரி 25ஆம் நாள் லண்டனில் செல்ஹர்ஸ்ட் பார்க் அரங்கில், மான்செஸ்டர் யுனைடெட் அணியின் எரிக் கன்டோனா, எதிரணி வீரர் ஒருவரை உதைத்ததற்காக ஆட்டத்தினின்று வெளியேற்றப்பட்டார். பிரான்சு நாட்டினரான அவர் களத்தைவிட்டு நடந்து செல்கையில், பார்வையாளர் ஒருவர் பின் வரிசைகளிலிருந்து இறங்கி ஓடிவந்து அவரை வைதார். வைத சொற்கள் யாவை என்பதில் இரு தரப்பும் மாறுபட்டன; அவர் பிறந்த நாட்டைச் சுட்டிய இழிமொழிகள் அவற்றில் இருந்தன என்பது கன்டோனா தரப்பின் கூற்று. கன்டோனா தடுப்பின்மேல் பாய்ந்து அம்மனிதரின் மார்பில் உதைத்து, பின் கையாலும் குத்தினார்.

தண்டனைகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. அவருடைய கழகமே அவரை அப்பருவம் முடியும்வரை விலக்கி, 20,000 பவுன் அபராதம் விதித்தது. இங்கிலாந்தின் கால்பந்துச் சங்கம் அது போதாதெனக் கருதி, விலக்கத்தைச் செப்டம்பர் 30 வரை நீட்டி, மேலும் 10,000 பவுன் அபராதம் விதித்தது. வேறு நாட்டுக்குச் சென்று ஆடிவிடாதபடி, உலகக் கால்பந்துக் கூட்டமைப்பு அத்தடையை எல்லா நாடுகளுக்கும் விரித்தது. இவை யாவும் விளையாட்டு அமைப்புகள் செய்தவை. அவற்றுக்கு அப்பால், நாட்டின் சட்டமும் தன் கடமையைச் செய்தது. மார்ச் 23ஆம் நாள் கிராய்டன் மாஜிஸ்திரேட்டு நீதிமன்றம் அவருக்கு இரண்டு வாரச் சிறைத்தண்டனை விதித்தது. மேல்முறையீட்டில் அது 120 மணி நேரச் சமூகத் தொண்டாக மாற்றப்பட்டது. அத்தொண்டை அவர் சிறுவர்களுக்குக் கால்பந்து பயிற்றி நிறைவேற்றினார். கையால் பிழை செய்தவர் தம் கலையாலேயே கடன் தீர்த்தார் என்று நாம் மகிழலாம்.

இவ்வழக்கில் மற்றொரு சிறப்பும் உண்டு. வைத பார்வையாளரும் தப்பவில்லை. 1996இல் அவர், அச்சுறுத்தும் சொல்லும் நடத்தையும் காட்டினார் எனக் குற்றவாளியாகக் காணப்பட்டு, 500 பவுன் அபராதம் பெற்றார். தீர்ப்பைக் கேட்டவுடன் நீதிமன்றத்திலேயே அரசு வழக்குரைஞர்மீது பாய்ந்ததற்காக அவருக்கு ஏழு நாள் சிறையும் கிடைத்தது. அரங்கினுள் பொருள்களை எறிதல், இனத்தைச் சுட்டிக் கூட்டமாக இழித்துக் கூவுதல், களத்தினுள் புகுதல் ஆகியவற்றை இங்கிலாந்து 1991ஆம் ஆண்டின் சட்டமொன்றால் முன்னரே குற்றமாக்கியிருந்தது என்பதும் இங்கே குறிப்பிடத்தக்கது. காசு கொடுத்து நுழைந்தவர் எதையும் கூறலாம் என்னும் பழைய நினைப்புக்கு இங்ஙனம் முடிவு காணத் தொடங்கினர்.

இரண்டாண்டு சென்றபின், 1997 செப்டம்பர் 14ஆம் நாள், கனடாவின் டொராண்டோ நகரில் இந்தியாவும் பாகிஸ்தானும் ஆடின. இந்திய அணியின் ஆதரவாளர் ஒருவர் ஒலிபெருக்கியைக் கையில் பிடித்து, பருமனான உடலுடைய இன்சமாம் உல் ஹக்கை 'ஆலு' என்று, அஃதாவது உருளைக்கிழங்கு என்று, மீண்டும் மீண்டும் கூவினார். இன்சமாம் மட்டையுடன் இருக்கைகளுக்குள் சென்றார். பிறர் அவரைத் தடுத்து அழைத்துவந்தனர். இரண்டு ஒருநாள் ஆட்டங்களுக்கு அவர் தடை செய்யப்பட்டார். அவர் செய்தது பிழை, ஐயமில்லை. ஆயினும் நம் நாட்டின் பெயரைச் சொல்லிக்கொண்டு விருந்தினரின் உடலைப் பழித்த குரலுக்கு நாம் பெருமைப்படுவதற்கில்லை.

2004 நவம்பர் 19ஆம் நாள் அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரையடுத்த ஆபர்ன் ஹில்ஸில் நிகழ்ந்த கலவரம் இவை எல்லாவற்றையும் விஞ்சியது. கூடைப்பந்து ஆட்டம் முடிய ஒரு நிமிடமும் இல்லாத வேளையில் வீரர்களிடையே கைகலப்பு நேர்ந்தது. அது தணியும் தறுவாயில், இண்டியானா அணியின் ரான் ஆர்ட்டெஸ்ட் களத்தோரத்து மேசைமீது படுத்திருக்க, பார்வையாளர் ஒருவர் பானம் நிறைந்த குவளையை அவர்மேல் எறிந்தார். ஆர்ட்டெஸ்ட் இருக்கைகளுக்குள் பாய்ந்து, குவளையை எறியாத வேறொருவரைப் பற்றினார். சினம் ஆளறியாது என்பதற்கு இதனினும் சான்று வேண்டா. அவரைப் பின்பற்றித் தோழர் சிலரும் பாய்ந்தனர். பார்வையாளர் சிலர் களத்தினுள் இறங்கினர். ஆட்டம் அத்துடன் முடிந்தது.

கூடைப்பந்துச் சங்கத்தின் ஆணையர் டேவிட் ஸ்டெர்ன் ஒன்பது ஆட்டக்காரரை விலக்கினார். ஆர்ட்டெஸ்ட், பருவத்தின் எஞ்சிய பகுதி முழுவதையும் இழந்தார்; இறுதிச் சுற்றுகளையும் சேர்த்து 86 ஆட்டங்கள். ஊதிய இழப்போ ஏறத்தாழ 50 லட்சம் டாலர். ஆனால் 1912ஆம் ஆண்டுக்கும் இதற்கும் ஒரு பெரும் வேறுபாடு உண்டு. இப்போது ஆட்டக்காரர் சங்கம் முறைப்படி நடுவர் தீர்ப்பை நாடியது. களத்தினுள் இறங்கிய பார்வையாளரைக் குத்திய ஜெர்மெய்ன் ஓநீலின் 25 ஆட்ட விலக்கம் 15ஆகக் குறைக்கப்பட்டது. கூட்டாட்சி நீதிமன்றமும் அதனை நிலைநிறுத்தியது. ஏனையோரின் தண்டனை மாறவில்லை. குற்றவியல் நீதிமன்றத்தில் ஆட்டக்காரர் ஐவர் ஓராண்டு நன்னடத்தைக் கண்காணிப்பும் சமூகத் தொண்டும் பெற்றனர். குவளை எறிந்தவர் 30 நாள் சிறை பெற்றார். பின்னர் அரங்குகளில் மதுவிற்பனைக்குக் கட்டுப்பாடும், பார்வையாளருக்கான நடத்தை விதிகளும் ஏற்பட்டன.

அண்மைக்காலத்தில் இக்குற்றத்துக்கு இரக்கம் காட்டுவது அரிதாகிவிட்டது. 2017 நவம்பரில் தம் அணியின் ஆதரவாளர் ஒருவரையே உதைத்த பிரெஞ்சு வீரர் பாட்ரீஸ் எவ்ராவை ஐரோப்பியக் கால்பந்துச் சங்கம் 2018 ஜூன் முடியும்வரை தன் போட்டிகளினின்று தடுத்தது. அவருடைய கழகமும் ஒப்பந்தத்தை முறித்தது. சிறுவன் ஒருவனைத் தாக்கிய வங்கதேச வீரர் சபீர் ரகுமான், 2018 தொடக்கத்தில் தேசிய ஒப்பந்தத்தை இழந்து, 20 லட்சம் டாக்கா அபராதமும் உள்நாட்டு ஆட்டங்களில் ஆறு மாதத் தடையும் பெற்றார்.

'வைதவனை அடித்தால் குற்றமா?' என்று கேட்போர் உண்டு. நம் நாட்டுச் சட்டம் இதற்குத் தெளிவான விடை வைத்திருக்கிறது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையிலுள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின்படி, வேண்டுமென்றே ஒருவருக்குக் காயம் விளைவித்தால் ஓராண்டு வரை சிறை உண்டு. கடுமையான, திடீரென நேர்ந்த ஆத்திரமூட்டலால் அவ்வாறு செய்தால் அது ஒரு மாதமாகக் குறைகிறது. 1860ஆம் ஆண்டின் பழைய தண்டனைச் சட்டமும் இதே சிறைக்கால அளவைக் கொண்டிருந்தது. தூண்டுதல் தண்டனையைக் குறைக்கும், குற்றத்தை அழிக்காது. ஆட்டக்காரருக்கென இதில் தனி விலக்கு இல்லை.

இவ்வரலாறு நமக்குக் காட்டும் உண்மை யாதெனில், ஆட்டக்காரரை மட்டும் தண்டித்த காலத்தில் நீதி அரைகுறையாகவே இருந்தது என்பதாம். அடித்த கைக்கும் எறிந்த கைக்கும் அவரவர் செயலுக்கேற்ற விசாரணை வாய்த்தபோதே அது முழுமையை நெருங்கியது. ஒருவர் பிறந்த மண்ணையோ பேசும் மொழியையோ உடலையோ சுட்டிப் பழிப்பது எவ்வளவு சுடும் என்பதைத் தாயகம் விட்டு வாழும் நாம் சொல்லக் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை. கொல்கத்தாவிலோ மும்பையிலோ தில்லியிலோ பல மொழியினர் கலந்த கூட்டத்தில் அமர்ந்து ஆட்டம் காணும்போது, எதிரணியில் ஆடுபவரும் அந்த ஊருக்கு அயலாரே என்பதை நினைவிற் கொள்வோம். கோட்டுக்கு உள்ளே இருப்பவரிடம் நாம் எதிர்பார்க்கும் அடக்கத்தை, கோட்டுக்கு வெளியே நாமும் காட்டுவோம்.